யாருடைய மடல் உள்ளே வரலாம்?

(அமைப்புகளின் மின்னஞ்சல் வழங்கிகளைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலர்களுக்காக ரவாங்கில் நடந்த ஞாயிறு வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். திரையில் காட்டப்பட்ட கட்டளைச் சொற்கள் ஒலிப்புப்படி தமிழில் தரப்பட்டுள்ளன.)



இந்த ஊரைப் பற்றி ஒரு செய்தி சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மலாயாவில் முதன்முதலில் மின்சாரம் வந்த ஊர் இதுதான். 1894-இல் லோக் இயூவும் நம் கே. தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்துக்காக இங்கே மின்னாக்கி வைத்தார்கள். கோலாலம்பூரில் மாரியம்மன் கோயிலை எழுப்பினாரே, அதே தம்புசாமிப் பிள்ளைதான். அரசாங்கம் கம்பி இழுக்கட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. தேவை இருந்தது, பொறியை வாங்கி வைத்தார்கள். ஆனால் சொந்தமாகப் பொறி வைத்தவனுக்கு எண்ணெய் விடும் வேலையும் சேர்ந்தே வரும். நாமும் சொந்தமாக மின்னஞ்சல் வழங்கி வைத்திருக்கிறோம். பிறப்புப் பத்திரத்தின் நகல், சம்பளச் சீட்டு, வீட்டைக் காலி செய்யச் சொன்ன கடிதம் என்று மக்கள் நமக்கு அனுப்புகிற தாள்கள் அடுத்தவர் பெட்டியில் கிடக்க வேண்டாம் என்பதற்காக. அந்தப் பொறிக்கு எண்ணெய் விடுவது பற்றித்தான் இன்றைய பேச்சு.

வழங்கியை வைத்த முதல் வாரத்திலேயே குப்பை மடல் வந்து குவியும். சிலர் இதற்கு 'எரிதம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் குப்பை என்றால் எல்லாருக்கும் புரியும். குப்பையைத் தடுக்க ஒரு பட்டியல் போடுகிறோம். இன்னார் அனுப்பினால் உள்ளே விடு, இன்னார் அனுப்பினால் திருப்பி அனுப்பு என்று. சாதாரண எழுத்துக் கோப்பில் தட்டெழுதிய பட்டியல். அதை வழங்கி எப்படிப் படிக்கிறது, அந்தப் பட்டியலில் ஒரு வரி தவறாக விழுந்தால் யார் பாதிக்கப்படுகிறார்கள் என்பதைப் பார்ப்போம்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் செக்ரோல் என்றால் விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக்களத்தில் ஆட்கள் நிற்பார்கள். கிராணியின் கையில் செக்ரோல் இருக்கும். இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் அன்றைய கணக்கு. பெயர் இருந்தால் வேலை, சம்பளம். பெயர் இல்லையென்றால் ஆள் எதிரே நின்றாலும் கணக்கில் இல்லை. கணினிக்காரர்கள் தேடல் அட்டவணை என்று சொல்வது இதைத்தான். இடப்பக்கம் ஒரு சொல், அதுதான் சாவி. வலப்பக்கம் ஒரு சொல், அதுதான் பதில். சாவியைக் கொடுத்தால் பதில் வரும். சாவி பட்டியலில் இல்லையென்றால் 'இல்லை' என்று வரும். நடுவில் 'இருக்கலாம்' என்று எதுவும் கிடையாது.

சரி, எழுத்துக் கோப்பையே நேராகப் படித்துக்கொண்டால் என்ன? நூறு வரி என்றால் படிக்கலாம். ஐம்பதாயிரம் வரி இருந்தால்? ஒரு மடல் வரும்போது வழங்கி ஒரு கேள்வியோடு நிற்பதில்லை. அனுப்பும் கணினியின் பெயர் என்ன, முகவரி எண் என்ன, அனுப்புநர் யார், அவருடைய டொமைன் எது, பெறுநர் யார் என்று அடுக்கடுக்காகக் கேட்கும். ஒவ்வொரு கேள்விக்கும் ஐம்பதாயிரம் வரியை மேலிருந்து கீழே படித்தால் வழங்கி மூச்சுத் திணறிவிடும். அதனால் எழுத்துக் கோப்பை ஒருமுறை அரைத்து, தேடுவதற்கு ஏற்ற வேறொரு கோப்பாக மாற்றி வைக்கிறோம். மாவரைத்து வைத்துக்கொண்டால் வேண்டும்போது தோசை ஊற்றலாம் அல்லவா, அதுபோல.

அந்த அரைக்கும் முறைக்குப் பெயர் ஹேஷ். சாவியில் உள்ள எழுத்துகளை ஒரு கணக்கில் போட்டால் ஓர் எண் வரும். அந்த எண் எந்த அறையைத் திறக்கவேண்டும் என்று சொல்லும். நேராக அந்த அறைக்குப் போய்ப் பார்த்தால் போதும். யுனிக்ஸில் இதை 1979-இல் டிபிஎம் என்ற பெயரில் எழுதியவர் கென் தாம்சன். பிறகு 1991-இல் பெர்க்லி டிபி வந்தது. டேனியல் பெர்ன்ஸ்டைன் செய்த சிடிபி என்ற வடிவம் எனக்கு மிகவும் பிடித்தது, அவ்வளவு சிக்கனமானது. தலையில் 2048 பைட், பிறகு வரிக்கு 24 பைட் மட்டும் கூடுதல். சாவி இருந்தால் பெரும்பாலும் இரண்டே தடவை வட்டைத் தொட்டுப் பதில் சொல்லிவிடும். இல்லையென்றால் ஒரே தடவை. அதன் கணக்கு 5381 என்ற எண்ணிலிருந்து தொடங்குகிறது. ஏன் 5381 என்று கேட்டு உட்கார்ந்தால் இன்று மாலை வரை இங்கேயே இருக்கவேண்டியதுதான்.

எரிக் ஆல்மன் எழுதிய சென்ட்மெயிலில் இந்த அரைக்கும் கருவியின் பெயர் மேக்மேப். 1998-இல் வீட்சே வெனிமா வெளியிட்ட போஸ்ட்ஃபிக்ஸில் போஸ்ட்மேப். இங்கே பெரும்பாலோர் போஸ்ட்ஃபிக்ஸ் வைத்திருப்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். 'அக்சஸ்' என்ற எழுத்துக் கோப்பை நீங்கள் எழுதுகிறீர்கள். 'போஸ்ட்மேப் ஹேஷ்:அக்சஸ்' என்று கட்டளை கொடுத்தால் பக்கத்திலேயே 'அக்சஸ்.டிபி' என்ற கோப்பு உருவாகும். வழங்கி படிப்பது அந்த டிபி கோப்பை மட்டுமே. உங்கள் எழுத்துக் கோப்பை அது திரும்பிக்கூடப் பார்க்காது.

இதை நன்றாக மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். மனிதன் படிப்பது ஒரு கோப்பு, பொறி படிப்பது வேறொரு கோப்பு. எழுத்துக் கோப்பில் ஒருவருடைய பெயரை நீக்கிவிட்டு, போஸ்ட்மேப் கொடுக்காமல் வீட்டுக்குப் போய்விட்டால், உங்கள் கண்ணுக்கு அவர் விடுதலையாகிவிட்டார், பொறிக்கு அவர் இன்னும் குற்றவாளி. போஸ்ட்ஃபிக்ஸ் நல்ல பிள்ளை. டிபி கோப்பைவிட மூலக்கோப்பு புதியதாக இருக்கிறது என்று பதிவேட்டில் எச்சரிக்கை எழுதிவைக்கும். ஆனால் பழைய பட்டியலையே வைத்து வேலை செய்துகொண்டிருக்கும். பதிவேட்டை யார் படிக்கிறார்கள்?

இனி வலப்பக்கம். அங்கே எழுதும் சொல்தான் தீர்ப்பு. 'ஓகே' என்றால் உள்ளே விடு. 'ரிஜெக்ட்' என்றால் கதவிலேயே மறுத்துவிடு. மறுக்கப்பட்டவருக்கு 554 என்ற எண்ணோடு தகவல் போகும். 'டிஸ்கார்ட்' என்றால் வாங்கிக்கொண்டதாகச் சொல்லிவிட்டுக் குப்பையில் போடு. அனுப்பியவருக்கு எதுவும் தெரியாது. மடல் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவர் நம்பிக்கொண்டிருப்பார். உரிமைக்காக வைத்த வழங்கியில் 'டிஸ்கார்ட்' என்ற சொல்லுக்கு இடம் இருக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. மனுவை வாங்கி முத்திரை குத்திவிட்டு மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டுகிறவர்களைப் பற்றி நாம் மேடை மேடையாகப் பேசுகிறோம். அதே வேலையை நம் கணினியைச் செய்யச் சொல்லலாமா?

இன்னும் இரண்டு சொற்கள் இருக்கின்றன, இவற்றைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. ஒன்று 'வார்ன்'. மடலை விட்டுவிடும், பதிவேட்டில் மட்டும் குறித்து வைக்கும். புதிய தடை ஒன்றைப் போடுமுன் ஒரு வாரம் 'வார்ன்' போட்டுப் பார்த்தால், யார் யார் மாட்டியிருப்பார்கள் என்று தெரிந்துவிடும். மற்றொன்று 'ஹோல்ட்'. மடலைத் தனி வரிசையில் நிறுத்தி வைக்கும், ஒரு மனிதர் வந்து பார்க்கும்வரை. 'போஸ்ட்க்யூ' கட்டளையில் அவை ஆச்சரியக்குறியோடு தெரியும். அங்கே நிற்கிற வரை மடல் காலாவதி ஆகாது. ஆனால் விடுவித்த பிறகு பழைய வயதோடுதான் வெளியே வரும். வழக்கமான கெடு ஐந்து நாள். அதை நெருங்கிவிட்டால் 'போஸ்ட்சூப்பர்' கட்டளையில் பெரிய 'எச்' போடாமல் சின்ன 'ஆர்' போட்டு வரிசையில் புதிதாக ஏற்றுங்கள். 'ஹோல்ட்' வைப்பதென்றால் தினம் ஒருவர் பார்க்கவேண்டும், முறை போட்டுக்கொள்ளுங்கள். பார்க்க ஆள் இல்லாத 'ஹோல்ட்' இன்னொரு பூட்டிய இழுப்பறைதான்.

இப்போது இடப்பக்கம். ஆபத்து முழுக்க இங்கேதான் இருக்கிறது.

அனுப்பும் கணினியின் முகவரி எண்ணை போஸ்ட்ஃபிக்ஸ் எப்படித் தேடும் தெரியுமா? முதலில் நான்கு பகுதியும் உள்ள முழு எண். கிடைக்காவிட்டால் முதல் மூன்று பகுதி. பிறகு இரண்டு. கடைசியாக ஒன்றே ஒன்று. ஆகவே பட்டியலில் யாராவது '202 ரிஜெக்ட்' என்று ஒரு வரி எழுதினால், 202 என்று தொடங்கும் எல்லா முகவரிகளும் அடைபடும். 16.7 மில்லியன் முகவரிகள், ஒரே வரியில்.

இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. 202, 203, 210 ஆகிய தொகுதிகள் ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கு ஒதுக்கப்பட்டவை. நம் ஜாரிங், டிஎம்நெட் இரண்டுக்கும் 202-இல் முகவரிகள் இருந்தன. 2000களில் மேலைநாடுகளில் பல நிர்வாகிகள், 'ஆசியாவிலிருந்து எனக்கு யார் எழுதப்போகிறார்கள்' என்று நினைத்து இந்தத் தொகுதிகளை அப்படியே அடைத்துவைத்தார்கள். அங்கே படித்துக்கொண்டிருந்த நம் பிள்ளைகளுக்கு இங்கிருந்து பெற்றோர் அனுப்பிய மடல் திரும்பி வந்தது. குப்பை அனுப்பியவன் எவனோ. தண்டனை வட்டாரத்துக்கே. ஒருவன் செய்ததற்கு ஓர் இனத்தையே சந்தேகிப்பது என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதனால்தான் நம் கையில் பட்டியல் வரும்போது கூடுதல் கவனம் வேண்டும் என்கிறேன்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓர் அமைப்பு, பெயர் வேண்டாம். அவர்கள் வழங்கியைப் பார்த்துத் தரச் சொல்லிச் சில ஆண்டுகளுக்கு முன் என்னை அழைத்தார்கள். பட்டியலைத் திறந்து பார்த்தேன். இலவச மின்னஞ்சல் தரும் பெரிய நிறுவனம் ஒன்றின் டொமைன் முழுவதும் 'ரிஜெக்ட்' ஆகியிருந்தது. லாட்டரி விழுந்தது, ஆப்பிரிக்காவில் புதையல் இருக்கிறது என்று அந்த டொமைனிலிருந்து தொடர்ந்து மடல் வந்ததாம். யாரோ எரிச்சலில் ஒரே வரியில் மூடிவிட்டார். எப்போது, யார் என்று அங்கே எவருக்கும் தெரியவில்லை. பதிவேட்டைப் பின்னோக்கிப் பார்த்தோம். திருப்பி அனுப்பப்பட்டவற்றில் ஒரே முகவரியிலிருந்து மூன்று தடவை வந்த மடல் ஒன்று இருந்தது. விசாரித்துப் பிடித்தால், மகனுக்குப் பிறப்புப் பத்திரம் இல்லாததால் பள்ளியில் சேர்க்க முடியாத ஒரு தாயார். சைபர் கஃபேயில் வேலை பார்த்த ஒரு பையன் அவருக்காகத் தன் முகவரியிலிருந்து எழுதிக் கொடுத்திருக்கிறான். 'அக்சஸ் டினைட்' என்று ஆங்கிலத்தில் வந்த பதில் அந்தப் பையனின் பெட்டியில் விழுந்தது. அம்மாவுக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. 'அவுங்களுக்கும் நாம வேண்டாதவங்கதான் போல' என்று இருந்துவிட்டாராம். பிறகு அந்த வேலையை எடுத்துச் செய்து முடித்தார்கள், ஆனால் பையனுக்குப் பள்ளியில் ஓராண்டு போய்விட்டது.

நமக்கு எழுதுகிறவர்களிடம் நிறுவனத்தின் பெயரில் அழகான முகவரி இருக்காது. இலவச முகவரி, இரவல் முகவரி, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் முகவரி, இவைதான் இருக்கும். ஆகவே பெரிய இலவச டொமைன் எதையும் முழுமையாக அடைக்காதீர்கள். வேண்டுமானால் அந்தத் தனி முகவரியை மட்டும் எழுதுங்கள். அதிலும் பெரிய பயன் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். அனுப்புநர் முகவரி என்பது கடித உறையின் பின்புறம் எழுதுவதுபோல, யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். குப்பைக்காரன் நாளைக்கு வேறு பெயரில் வருவான். பட்டியலில் பழைய பெயர் கிடக்கும், ஒருநாள் அதே பெயருள்ள அப்பாவி மாட்டுவான்.

அடுத்து, கோப்பை எழுதும் முறை. இதில் சில பொல்லாத இடங்கள் இருக்கின்றன. வரியின் தொடக்கத்தில் ஓர் இடைவெளி விழுந்துவிட்டால், அது புதிய வரி இல்லை, மேல் வரியின் தொடர்ச்சி. அதாவது அந்தச் சாவி பட்டியலிலேயே ஏறாது, மேலே உள்ளவரின் தீர்ப்போடு ஒட்டிக்கொள்ளும். பவுண்டுக் குறி போட்டுக் குறிப்பு எழுதுவதானால் அது தனி வரியாக இருக்கவேண்டும். 'ரிஜெக்ட்' என்பதற்குப் பின்னால் அதே வரியில் குறிப்பு எழுதினால், அது குறிப்பு இல்லை, அனுப்பியவருக்குப் போகும் செய்தி! 'இவன் பெரிய தொல்லை, தலைவர் அடைக்கச் சொன்னார்' என்று எழுதி வைத்தீர்கள் என்றால் அது அப்படியே அவருக்குப் போய்ச் சேரும். சிரிக்கிறீர்கள், நடக்கக்கூடியதுதான். ஒரே சாவி இரண்டு தடவை வந்தால் போஸ்ட்மேப் எச்சரித்துவிட்டு முதலில் உள்ளதையே வைத்துக்கொள்ளும். ஆகவே கீழே 'ஓகே' என்று சேர்த்தால் மேலே உள்ள 'ரிஜெக்ட்' போகாது.

ஆனால் அந்தச் செய்தி போகும் வசதியை நல்லதற்கும் பயன்படுத்தலாம். வெறுமனே 'ரிஜெக்ட்' என்று விடாமல், பின்னால் தொலைபேசி எண்ணையும், 'தவறு என்றால் அழையுங்கள்' என்று எளிய மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒரு வாக்கியமும் எழுதுங்கள். அந்த இடத்தில் தமிழ் எழுத்து போட்டால் வழியில் உள்ள பழைய வழங்கிகள் அதைச் சிதைத்துவிடக்கூடும், அதனால்தான் மற்ற மொழி. மறுப்பதானால் காரணத்தோடும் மேல்முறையீட்டுக்கு வழியோடும் மறுக்கவேண்டும். மற்றவர்களிடம் நாம் கேட்பதும் அதுதானே?

ஒவ்வொரு தடைக்கும் மேலே தனி வரியில் மூன்று விவரம் எழுதுங்கள்: தேதி, எழுதியவர், காரணம். அரைத்த கோப்பில் இந்தக் குறிப்புகள் ஏறா. பொறிக்கு அவை தேவையும் இல்லை. நமக்குத்தான் தேவை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து, காரணம் எழுதாத வரி எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். நான் வரம்பு மீறிச் சொல்வதாகத் தோன்றினால் தோன்றட்டும், காரணம் தெரியாத தடை தடையே இல்லை.

கோப்பை மாற்றும்போது, ஓடிக்கொண்டிருக்கும் டிபியின் மேலேயே எழுதாதீர்கள். பெர்க்லி டிபி வடிவத்தில் எழுதும் வேலை ஏதோ காரணத்தால் பாதியில் நின்றுவிட்டால் வழங்கிக்குப் பயன்படும் பட்டியலே இல்லாமல் போய்விடும். வேறு பெயரில் உருவாக்கி, சோதித்து, பிறகு பெயர் மாற்றி உள்ளே வையுங்கள். சிடிபி இந்த வேலையைத் தானே செய்துகொள்ளும், தற்காலிகக் கோப்பில் எழுதி முடித்துவிட்டுத்தான் பெயர் மாற்றும். இப்போது எல்எம்டிபி என்ற வடிவமும் இருக்கிறது. பெர்க்லி டிபியின் உரிமம் 2013-இல் மாறிய பிறகு பல லினக்ஸ் பதிப்புகள் அதை விட்டு விலகிவருகின்றன. 2025-இல் வந்த ரெட்ஹாட் 10-இல் அது இல்லை. அடுத்த தடவை வழங்கியைப் புதுப்பிக்கும்போது 'ஹேஷ்' என்று எழுதிய இடங்கள் வேலை செய்யாமல் போகலாம். எழுத்துக் கோப்பு கையில் இருந்தால் கவலை இல்லை, புதிய வடிவத்தில் திரும்ப அரைத்துக்கொள்ளலாம். டிபி கோப்பை மட்டும் காப்பி எடுத்து வைத்தவர்கள்தான் சிரமப்படுவார்கள்.

சோதிப்பது எப்படி? 'போஸ்ட்மேப்' கட்டளைக்குச் சின்னக் 'க்யூ' போட்டு ஒரு சாவியைக் கொடுத்தால் பதிலைச் சொல்லும். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. இந்தச் சோதனை நீங்கள் கொடுத்த சாவியை மட்டுமே தேடும். 202.188 என்று தொடங்கும் ஒரு முழு முகவரியைக் கொடுத்தால் 'இல்லை' என்று வரும். நீங்களும் நிம்மதியாகத் தூங்கப் போவீர்கள். ஆனால் வழங்கி மடல் வரும்போது கடைசிப் பகுதியை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே போய், கடைசியில் '202' என்ற வரியில் இடித்துக்கொண்டு நிற்கும். ஆகவே முழு முகவரி, மூன்று பகுதி, இரண்டு பகுதி, ஒரு பகுதி என்று நான்கையும் கேட்கவேண்டும். பின்னால் உட்கார்ந்து இதற்குச் சின்ன நிரல் ஒன்று எழுதுவோம். எப்போதும் வந்தே ஆகவேண்டிய முகவரிகள் என்று ஒரு பட்டியல் வைத்து, புதிய அட்டவணையில் அவற்றில் ஒன்றுகூட அடைபடாமல் இருந்தால்தான் அட்டவணை உள்ளே போகும்.

அந்தப் பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை. ஹேஷ் என்ற பெயரைக் கேட்டுச் சிலர் அது ரகசியமாக மூடியது என்று நினைக்கிறார்கள். கடவுச்சொல்லை மறைக்கும் ஹேஷ் வேறு. இங்கே முகவரிகள் அப்படியே உள்ளே கிடக்கும். 'போஸ்ட்மேப்' கட்டளைக்குச் சின்ன 'எஸ்' போட்டால் மொத்தத்தையும் கொட்டிவிடும். நம்மிடம் புகார் சொன்னவர்களின் முகவரிகளை 'ஓகே' பட்டியலில் எழுதி வைத்தால், யார் யார் நம்மிடம் வந்தார்கள் என்பதற்கு அது ஆதாரமாகிவிடும். வேலை செய்யும் இடத்துக்குத் தெரியாமல் புகார் சொன்ன தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். ஆகவே தனி ஆட்களை அங்கே எழுதாதீர்கள். மூலக்கோப்பை யார் படிக்கலாம் என்ற அனுமதியைத்தான் போஸ்ட்மேப் டிபி கோப்புக்கும் கொடுக்கும், எனவே மூலத்தை முதலில் பூட்டுங்கள். தடைப்பட்டியலைச் சின்னதாக வைத்தால் அனுமதிப் பட்டியலுக்கு வேலையே இருக்காது.

'ஓகே' பற்றி இன்னொன்று. போஸ்ட்ஃபிக்ஸ் விதிகளை வரிசையாகப் படிக்கும், முதலில் கிடைத்த தீர்ப்போடு நின்றுவிடும். பெறுநர் விதிகளில் 'ரிஜெக்ட் அன்ஆத் டெஸ்டினேஷன்' என்ற வரிக்கு மேலே உங்கள் 'ஓகே' அட்டவணையை வைத்தால், அந்த அனுப்புநர் பெயரைப் போட்டுக்கொண்டு உலகத்தில் எவன் வேண்டுமானாலும் உங்கள் வழங்கி வழியாக எங்கே வேண்டுமானாலும் குப்பை அனுப்பலாம். 2013-இல் வந்த 2.10 பதிப்பு இதற்குத் தனிப் பாதுகாப்பு வைத்தது. பழைய அமைப்புக் கோப்பை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழுக்கு வருகிறேன். முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் வந்த காலத்திலிருந்து மின்மடலில் தமிழ் எழுதி வந்தவர்கள் நாம், மலேசியர்கள். டிஸ்கி எழுத்துருவில் தலைப்பு எழுதி அனுப்பினால், எட்டு பிட் எழுத்துகள் மூடாமல் போகும். ஸ்பாம் அசாசின் என்ற வடிகட்டியில் தலைப்பில் இத்தகைய எழுத்து அதிகம் இருந்தால் குப்பை மதிப்பெண் கூட்டுவதற்கென்றே ஒரு விதி உண்டு. தாய்மொழியில் தலைப்பு எழுதியதற்கு அபராதம்! யூனிகோடு வந்த பிறகு அந்தத் தொல்லை குறைந்தது, வேறு தொல்லை வந்தது. 'தமிழ்' என்ற சொல் யூனிகோடில் ஐந்து குறியீடு, யுடிஎஃப்-8 வடிவில் 15 பைட். தலைப்பில் போகும்போது அது மேலும் மாற்றப்பட்டு ஆங்கில எழுத்துக் குவியலாகப் போகும். போஸ்ட்ஃபிக்ஸ் அதைப் பிரித்துப் படிக்காது. எனவே தலைப்பில் இந்தத் தமிழ்ச் சொல் இருந்தால் உள்ளே விடு என்று அங்கே விதி எழுதினால் அது ஒருநாளும் பொருந்தாது.

இன்னும் ஒரு நுட்பம். 'கொ' என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறி ஒன்றாகவும் போடலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றேதான். ஹேஷ் கணக்கில் இரண்டும் வேறு வேறு எண். 'ஸ்ரீ' எழுத்திலும் இதே கதைதான். அப்பா பெயரில் ஓர் எழுத்து பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி என்று அலைந்தவர்கள் இந்த அறையில் எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம், தெரியும். ஆளைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் பார்க்கிற அட்டவணை எதுவானாலும் இப்படித்தான் நடந்துகொள்ளும். தமிழ்ச் சொற்களைச் சாவியாக வைப்பதானால் அரைக்கும் முன்னர் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றும் படி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தேடும்போதும் அதே மாற்றம் வேண்டும்.

மற்றவர்கள் தயாரிக்கும் தடைப்பட்டியல்களை இணையம் வழியாகக் கேட்டுத் தடுப்பதும் உண்டு. 1997-இல் பால் விக்ஸி தொடங்கிவைத்த முறை. பயனுள்ளது, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் ஓஆர்டிபி என்ற பட்டியலின் கதையைக் கேளுங்கள். 2006 டிசம்பரில் அதை மூடிவிட்டார்கள், மூடியதை அறிவித்தும் விட்டார்கள். ஆனாலும் பலர் தங்கள் வழங்கியிலிருந்து அந்த வரியை நீக்கவில்லை. 2008 மார்ச்சில் அந்தப் பட்டியல், கேட்கப்பட்ட எல்லா முகவரிக்கும் 'இருக்கிறது' என்று பதில் சொல்லத் தொடங்கியது. வரியை நீக்காதவர்களுக்கு ஒரே நாளில் எல்லா மடலும் நின்றுபோனது. பிறர் கையில் தீர்ப்பைக் கொடுத்தால் அவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்றாவது அவ்வப்போது பார்க்கவேண்டாமா?

நம் மடல் வெளியே போவதற்கும் இன்று இதே சோதனை. ஜிமெயிலும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலிருந்து விதிகளை இறுக்கிவிட்டன. நாளைக்கு 5000 மடலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் கட்டாயம். நாம் அவ்வளவு அனுப்புவதில்லை என்றாலும் மூன்றையும் வைத்துவிடுங்கள். அதற்குத் தனி வகுப்பு வேண்டும், இன்று நேரம் இல்லை.

பின்வரிசையில் ஆறு மடிக்கணினிகள் தயாராக இருக்கின்றன. தேநீர் குடித்துவிட்டு வந்து, அவரவர் அமைப்பின் அக்சஸ் கோப்பைத் திறந்து, காரணம் எழுதாத வரிகளை எண்ணிச் சொல்லுங்கள். அங்கிருந்து வேலையைத் தொடங்குவோம். வடை சூடாக இருக்கிறதாம், அக்கா கூப்பிடுகிறார்.